நான்கு போல்ட்டுகள் போதுமா?

என்னிடம் முன்பு இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் தம் பாட்டனார் வைத்திருந்த பழைய அம்பாசிடர் காரைச் சீர்செய்து ஓட்டி வருகிறார். அதன் முன்பக்கத்தில் மூவர் அமரக்கூடிய நீண்ட பெஞ்சு சீட் இருந்தது. பஞ்சு அமுங்கி, கம்பிச்சுருள் முதுகைக் குத்தவே, காயலான் கடையிலிருந்து புதுக்காலக் கார் ஒன்றின் தனித்தனிச் சீட்டுகள் இரண்டை வாங்கினார். பட்டறையில் தரைத் தகட்டில் துளையிட்டு, சீட்டுக்கு நான்கு போல்ட்டுகள் வீதம் பூட்டிக் கொடுத்தார்கள். அமர்ந்து பார்த்தார்; ஆட்டமில்லை. அசைத்துப் பார்த்தார், உறுதியாக இருந்தது.

மூன்றாம் மாதம், சாலையில் குறுக்கே ஓர் ஆடு ஓடியது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதித்த அந்தக் கணமே சீட் அவரோடு பின்னால் மல்லாந்தது. முன்பக்கத்துப் போல்ட்டுகள் இரண்டும் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. காலோ பிரேக்கை விட்டு நழுவிவிட்டது. வண்டி சாலையோர மணல்மேட்டில் ஏறி நின்றதால் தப்பினார். அடுத்த வாரம் என்னைப் பார்க்க வந்தபோது அவர் கேட்ட கேள்வி இது: “சார், ஒரு சீட்டுக்கு நான்கு போல்ட் போதாதா?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

மிதித்தது முன்னே, சாய்ந்தது பின்னே

முதலில் ஒரு புதிர். பிரேக் போட்டால் நாம் முன்னால்தான் தள்ளப்படுவோம். அப்படியிருக்க இவருடைய சீட் ஏன் பின்னால் சாய்ந்தது? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். கால் பிரேக் மிதியை முன்னோக்கித் தள்ளுகிறது; மிதி காலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்த எதிர்விசை இடுப்பு வழியாகச் சீட்டின் முதுகுப் பகுதிக்குப் போகிறது. பழைய டிரம் பிரேக் வண்டிகளில், குறிப்பாக மிதிக்கு உதவும் வெற்றிட அமைப்பு இல்லாதவற்றில், பலமாக மிதிக்க வேண்டும். பயத்தில் மிதிக்கும்போது இன்னும் பலமாகவே மிதிப்போம். வண்டியின் வேகம் குறையத் தொடங்குமுன் உள்ள அந்தச் சிறு நேரத்தில், சீட்டைப் பின்னோக்கிச் சாய்க்கும் விசைதான் மேலோங்கி நிற்கிறது. பின்பக்கத்துப் போல்ட்டுகள் சுழல் மையமாகி, முன்பக்கத்துப் போல்ட்டுகள் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. ஆணி பிடுங்கும் சுத்தியலைப் போலவே சீட்டும் இங்கு ஒரு நெம்புகோல்.

இது வெறும் பிரேக்கால் நேர்ந்தது. வண்டி எதன்மீதாவது மோதினால் விசைகள் எந்த அளவுக்குப் போகும் என்று கணக்கிடுவோம்.

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். அவ்வேகத்தில் போகும் கார் ஓர் உறுதியான சுவரில் மோதி, அதன் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். நீங்கள் அறிந்த சமன்பாடுதான்: வேகத்தின் இருபடியை, தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். 13.9 × 13.9 = 193. அதை 1.2ஆல் வகுத்தால் 161 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஐப்போல் இது ஏறத்தாழ 16 மடங்கு. பொறியியலார் இதை 16 ‘ஜி’ என்பார்கள். இது சராசரி அளவு. இடையில் உச்சம் இதைவிடக் கூடும்.

இத்தகைய எதிர்முடுக்கத்தை மனித உடல் தாங்குமா? தாங்கும், உடலைப் பிடித்துவைக்கும் அமைப்பு தாங்கினால். அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜான் பால் ஸ்டாப், 1954ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், நியூ மெக்சிகோவிலுள்ள ஹாலமன் தளத்தில், ராக்கெட்டுகள் தள்ளும் ஒரு சறுக்கு வண்டியில் தம்மையே வார்களால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் சென்றார். அந்த வண்டி 1.4 வினாடியில் நிறுத்தப்பட்டது. சராசரியை நீங்களே போட்டுப் பாருங்கள். 20 ஜிக்குச் சற்று மேல் வரும். உச்ச அளவு 46.2 ஜி. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை மங்கியது. ஆனாலும் அவர் பிழைத்து, 1999 வரை வாழ்ந்தார். சீட்டும் வார்களும் இடம்பெயராததால்தான் அது முடிந்தது.

இன்று புதுக் கார்களின் சீட்டுகளைச் சோதிக்கும்போதும் இந்த 20 என்ற எண்ணே வருகிறது. ஐக்கிய நாடுகளின் 17ஆம் எண் வாகன விதிப்படி, சீட் பொருத்தப்பட்ட வண்டியின் உடற்கூட்டை 20 ஜி எதிர்முடுக்கத்துக்கு 30 மில்லி வினாடி உட்படுத்த வேண்டும். சீட் பிய்ந்து வரக்கூடாது. அமெரிக்க விதி, சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் ஒரு சீட்டை அது பிறந்த காரின் தரையோடு சேர்த்துச் செய்யப்பட்டவை. அதே சீட்டைக் கழற்றி வேறொரு காரில் வைத்தால், அந்தச் சான்று கூடவே வருவதில்லை.

விசை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது?

60 கிலோ நிறையுள்ள ஒருவரை 20 ஜியில் பிடித்து நிறுத்த 60 × 20 × 9.8 = 11,760 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 1,200 கிலோ எடை. ஏறத்தாழ ஒரு முழு அம்பாசிடரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் விசை. இந்த விசையைப் பெல்ட் ஏற்கிறது. பெல்ட் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. இந்தியாவில் புதுக் கார்களின் முன் சீட்டுகளுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994இல். அதற்கு முந்திய அம்பாசிடர்களின் பெஞ்சு சீட், பெல்ட் கட்டிய ஆளைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. அது தன் எடையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். புதுக்காலச் சீட்டுகளிலோ பெல்ட்டின் பூட்டு, அதாவது பக்கிள், பெரும்பாலும் சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் பூட்டு இடுப்போடு கூடவே வரட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வசதிதான். ஆனால் இதனால் மோதலின்போது ஆளின் விசையில் பெரும் பங்கு சீட் வழியாக அதன் போல்ட்டுகளுக்கு வந்து சேருகிறது.

கணக்கைப் பார்ப்போம். சீட்டின் நிறை 15 கிலோ என்போம். 20 ஜியில் அதன் விசை 2,940 நியூட்டன். அது தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் செயற்படுவதாகக் கொண்டால், திருப்புத்திறன் 2,940 × 0.30 = 882 நியூட்டன் மீட்டர். பக்கிள் வழியாக ஆளின் விசையில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6,000 நியூட்டன், அதே உயரத்தில் முன்னோக்கி இழுப்பதாகக் கொண்டால் மேலும் 1,800. மொத்தம் 2,682 நியூட்டன் மீட்டர். முன், பின் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் 35 செ.மீ. என்றால், பின்பக்கத்துப் போல்ட்டுகளை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 2,682 ÷ 0.35 = ஏறத்தாழ 7,660 நியூட்டன். இது 780 கிலோ எடைக்குச் சமம். பக்கிள் சீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பின் போல்ட் ஒன்றே இதில் பெரும்பகுதியைச் சுமக்கும். பெல்ட் அணியாத ஒருவர் பின் சீட்டிலிருந்து வந்து முதுகில் மோதினால் அவருடைய விசையும் இதோடு சேரும்.

இப்போது போல்ட்டைப் பார்ப்போம். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பார்கள். முதல் 8 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்பதைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின் உள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 வரை, அது நிலையாக நீளாது என்பதைக் குறிக்கிறது. 8 மி.மீ. போல்ட்டின் மரையடிப் பரப்பு 36.6 சதுர மி.மீ. ஆகவே அது அறுவதற்கு ஏறத்தாழ 29,000 நியூட்டன், அதாவது மூன்று டன் எடை வேண்டும். தேவையைப்போல் பல மடங்கு! எனவே என் மாணவருக்குச் சொன்ன பதில்: போல்ட் போதும், தரை போதாது. (தலையில் எந்த எண்ணும் இல்லாமல் எடை போட்டு விற்கும் போல்ட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை வேலிக்குப் போடலாம், சீட்டுக்குப் போடக்கூடாது.)

தகட்டின் கதை

அம்பாசிடருக்கு லாரியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி உருவான வண்டி அது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. வளைத்து ஒட்டிய தகடுகளின் கூடே அதன் எலும்பு. பக்கவாட்டில் கதவின்கீழ் ஓடும் பெட்டி வடிவ உத்தரங்கள் மிக உறுதியானவை. அவற்றுக்கு இடையில் உள்ள தரைத் தகடு மெல்லியது. அதன் எல்லா இடமும் ஒரே வலுவுடையதன்று. பழைய சீட் எங்கே பூட்டப்பட்டதோ அங்கேதான் வலுவூட்டல் இருக்கும்; புதிய சீட்டின் கால்களோ வேறு எங்காவது வந்து நிற்கும்.

8 மி.மீ. போல்ட்டுக்குரிய சாதாரண வாஷரின் விட்டம் 16 மி.மீ. அதன் சுற்றளவு 50 மி.மீ. தகடு 1 மி.மீ. கனம் என்றால், வாஷர் தகட்டை வெட்டிக்கொண்டு வெளியேற 50 சதுர மி.மீ. உலோகத்தை மட்டும் அறுத்தால் போதும். உண்மையில் அவ்வளவு கூட வேண்டியதில்லை. தகடு முதலில் கிண்ணம்போல் குழியும். பிறகு துளையின் விளிம்பிலிருந்து கிழியும். துரு பிடித்துக் கனம் பாதியானால் வலுவும் பாதிக்குக் கீழே போய்விடும். அந்த அம்பாசிடரின் அடியில் படுத்துப் பார்த்தபோது நான் கண்டது இதுதான்: வாஷர்கள் குடைபோல் வளைந்திருந்தன, துளைகளைச் சுற்றித் தகடு அப்பளம்போல் நொறுங்கியது.

வாஷருக்குப் பதிலாக, தரையின் அடிப்பக்கத்தில் 75 மி.மீ. சதுரமும் 3 மி.மீ. கனமும் உள்ள எஃகுத் தகட்டை வைத்தால் என்ன ஆகும்? சுற்றளவு 300 மி.மீ.; வாஷரைப்போல் ஆறு மடங்கு. விசை பரந்த இடத்தில் பகிரப்படுகிறது. மணலில் மிதிவண்டி நிறுத்தும்போது ஸ்டாண்டின் கீழே ஓடு ஒன்றை வைப்பீர்கள் அல்லவா? அதே தத்துவம்தான். மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதிகள், சீட் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு இடங்களில் 8 மி.மீ. போல்ட்டும், ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்புள்ள எதிர்த்தகடும் கேட்கின்றன. போல்ட்டின் எண்ணிக்கையும் விட்டமும் என் மாணவரின் பட்டறையில் செய்தவையே. இல்லாமற் போனது அந்தத் தகடுதான்.

தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும். துணிக்கடையில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டுவிட்டுத் துணியைக் கையாலேயே கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூரான மூலை அந்த வெட்டைப் போன்றது. தகைவு அங்கே குவியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செருப்புப் பெட்டியின் அட்டையை மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிட்டு ஒரு போல்ட்டை மேலிருந்து கீழாக நுழையுங்கள். முதல் அட்டையில் போல்ட்டின் தலை மட்டும், இரண்டாவதில் தலையின்கீழ் ஒரு வாஷர், மூன்றாவதில் நடுவில் துளையிட்ட டப்பா மூடி. அட்டையை இரண்டு செங்கல்களுக்கு இடையே பாலம்போல் வைத்து, இரு ஓரங்களையும் மேலே வேறு செங்கல் வைத்து அழுத்திக்கொண்டு, போல்ட்டின் கீழ்முனையில் சிறு வாளியைக் கட்டி, குவளை குவளையாக நீர் ஊற்றுங்கள். எத்தனையாவது குவளையில் கிழிகிறது என்று எழுதுங்கள். பின்னர் அட்டையை நீரில் நனைத்து மீண்டும் செய்யுங்கள். நனைந்த அட்டை, துருப்பிடித்த தகட்டுக்குச் சமம். பாதத்தை வாளிக்குக் கீழே வைக்காதீர்கள்.

வாஷர் அடுக்குதல் என்னும் தீங்கு

சீட் தாழ்வாக இருந்தால், நீண்ட போல்ட்டில் வாஷர்களையும் நட்டுகளையும் அடுக்கி உயர்த்துவது வழக்கமாக இருக்கிறது. இது மிகவும் கெட்ட வழக்கம். தகட்டோடு ஒட்டிய போல்ட் இழுவிசையை எளிதில் தாங்கும். 5 செ.மீ. உயரே நிற்கும் போல்ட்டோ பக்கவாட்டு விசையால் வளைக்கப்படுகிறது. புதுப் பென்சிலின் இரு முனைகளையும் பிடித்து இழுத்து ஒடித்துவிட முடியுமா? வளைத்தால் நொடியில் ஒடிகிறது. 2,000 நியூட்டன் விசை 50 மி.மீ. உயரத்தில் பக்கவாட்டில் தாக்கினால், 8 மி.மீ. போல்ட்டில் தோன்றும் வளைவுத் தகைவு, நாம் மேலே கண்ட 640ஐப்போல் பல மடங்காகிவிடும். உயர்த்தத்தான் வேண்டுமானால், சதுரக் குழாயிலோ கனமான ஆங்கிள் இரும்பிலோ ஒரு சட்டம் செய்து, அதன் ஒரு முனையைப் பக்க உத்தரத்தின் அருகிலும் மறு முனையை நடு மேட்டின் அருகிலும் பழைய வலுவான இடங்களில் பூட்டி, அதன்மேல் சீட்டை வைக்க வேண்டும். இதனால் தரையில் புதுத் துளைகளும் குறையும். தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பளமோ ரப்பரோ இருக்கக்கூடாது. நாளடைவில் அது அமுங்க, முறுக்கிய நட்டு தளர்ந்துவிடும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பழைய வண்டியில் பெல்ட்டின் மூன்று முனைகளையும் வண்டியின் உடற்கூட்டிலேயே, உரிய எதிர்த்தகடுகளுடன், அத்தொழில் அறிந்தவரைக் கொண்டு பொருத்துவதே மேல். அப்போது சீட்டின் போல்ட்டுகளுக்குச் சீட்டின் சுமை மட்டுமே மிஞ்சும். நம் கணக்கில் 2,682 என்பது 882ஆகக் குறைந்துவிடும். உயரமும் முக்கியம். சீட் மிகத் தாழ்ந்தால் தோள்பட்டை வார் கழுத்தில் உரசும். மிக உயர்ந்தால் வாரின் மேல்முனை தோளுக்குக் கீழே போய், மோதலில் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். இடுப்பு வார் எலும்பின்மேல் படிய வேண்டும், வயிற்றின்மேல் அன்று.

பழைய பெஞ்சு சீட்டுக்குத் தலைதாங்கி இல்லை. பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால், சீட் முதுகை முன்னே தள்ளும். தலை நிலைமத்தால் அங்கேயே நிற்கப் பார்க்கும். கழுத்து பின்னுக்கு வளையும். அமெரிக்காவில் 1969 முதலே முன் சீட்டுகளுக்குத் தலைதாங்கி கட்டாயம். புதுச் சீட் போடுவதில் உண்மையான நன்மை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அழகும் மெத்தையும் அடுத்தவை. தாங்கியைத் தலையின் உச்சிவரை உயர்த்திக்கொள்ள வேண்டும். கழுத்தளவில் நின்றால் அது நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிக் கெடுதலைக் கூட்டும்.

காயலான் கடைச் சீட்டில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கலாம். சில சீட்டுகளின் ஓரத்தில் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஊத வெடிமருந்து உள்ளே உண்டு. பக்கிளை இழுத்து இறுக்கும் கருவியிலும் அது இருக்கலாம். சீட்டின் அடியில் மஞ்சள் நிற மின் இணைப்பு தொங்கினால் அதைத் தொடாதீர்கள். மீட்டர் வைத்துச் சோதிக்கும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யக்கூடும். அத்தகைய சீட் நமக்கு வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சீட்டுகளின் எண்ணிக்கை அச்சான்றிதழில் இருக்கிறது. பெஞ்சை எடுத்துத் தனிச் சீட்டுகள் போட்டால் எண்ணிக்கை குறையலாம். முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். மேலும் 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய வேண்டுமானால் அதன் சட்டமோ உடற்கூடோ எஞ்சினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது. கண்டபடி துளையிடாமல் இருக்க இது மற்றொரு காரணம்.

என் மாணவரின் வண்டியில் முதலில் தரை சரிசெய்யப்பட்டது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கிய இடங்களையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். துளையிடுமுன் அடியில் ஓடும் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எங்கே உள்ளன என்று பார்த்துக் கோடு போட்டார்கள். பிறகு குறுக்குச் சட்டம், எதிர்த்தகடுகள், 8.8 போல்ட்டுகள். சீட் நகரும் தண்டவாளங்கள் இரண்டிலும் பூட்டு ‘கிளிக்’ என்று விழுகிறதா என்று தனித்தனியே பார்த்தார்கள்; ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் சீட் மோதலில் கோணலாகத் திரும்பும். கடைசியாக ஒவ்வொரு நட்டின்மேலும் தகட்டின்மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். மாதம் ஒரு முறை அவர் டார்ச் விளக்குடன் வண்டியின் அடியில் பார்க்கிறார். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. இரண்டாகப் பிரிந்திருந்தால் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.